பாக்கியலெட்சுமி அடித்த மூடிகள்

காலை பத்து மணிக்கு வெயில் தகரக் கூரையில் ஏறியதும் களஞ்சிய அறைக்குள் சத்தம் தொடங்கிவிடும். முதலில் ஒரு மூலையில் 'டொப்' என்று ஒன்று. சற்றுப் பொறுத்து எதிர்மூலையில் இன்னொன்று. நிரஞ்சலா எந்த வேலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் கை நின்றுவிடும்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், தோட்ட நிர்வாகம் கைவிட்டிருந்த பழைய தேயிலை ஸ்டோர்க் கட்டிடம் ஒன்றை எடுத்து இப்றாஹீம் முதலாளி கொய்யாப்பழக் கூழ் ஆலை நடத்திவந்தார். பழத்தை அரைத்து, கொப்பரையில் கொதிக்கக் காய்ச்சி, சூடு ஆறுமுன்பே அதன் அடியிலுள்ள வால்வைக் கைப்பிடியால் திறந்து இருபது கிலோ பிளாஸ்டிக் வாளிகளில் நிரப்பி, மூடி அடித்து, கொழும்பில் ஜாம் போடுகிறவர்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அனுப்புவார்கள். நிரஞ்சலா அங்கே சுப்பவைசர். அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள்.

சத்தத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். சூட்டோடு மூடிய வாளி ஆறும்போது மூடி உள்ளே இழுபடும். விளிம்பில் ஓரிடம் சரியாக உட்காராமல் இருந்தால் அதன் வழியே காற்று புகும். மறுநாள் கூரை சூடேறினால் மூடி மேலே எழும்பிச் சத்தம் போடும். "வாளி ஏப்பம் விடுது" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

நிரஞ்சலா சிரிப்பதில்லை. அவள் எண்ணுவாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பிறகு இடுக்குகளில் நான்கு. கூட வேலைசெய்த பாக்கியலெட்சுமி ரப்பர் சுத்தியலால் மூடி அடித்த வரிசை அது. மற்றவர்கள் விளிம்பைச் சுற்றிச் சுற்றி அடிப்பார்கள். அவள் மட்டும் எதிரெதிராக அடிப்பாள், லொறிச் சக்கரத்துக்கு நட்டு இறுக்குகிற மாதிரி. எட்டும் அடித்து முடித்ததும் மூடியின் நடுவில் உள்ளங்கையால் ஒரு தட்டு. குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல.

பாக்கியலெட்சுமி செத்து நாலு வருசம் ஆகியிருந்தது. தொண்ணூற்று ஒன்பதில், கொய்யாக் காலம் உச்சத்தில் இருந்தபோது, கொதிக்கும் கூழ் அவள் கழுத்திலும் முதுகிலும் கொட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். 'வால்வை மூடுவதற்கு முன் தன் கவனக்குறைவால் வாளியை இழுத்தார்' என்று ஆலையிலிருந்து அறிக்கை போனது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் நிரஞ்சலா. அறிக்கை சிங்களத்தில் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று முதலாளி சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தார். அடுத்த மாதம் அவளைச் சுப்பவைசர் ஆக்கினார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் கொழும்பிலிருந்து பெரிய ஓடர் ஒன்று வந்தது. மாதம் இரண்டாயிரம் வாளி வேண்டும், ஒரு மூடிகூடக் கிளம்பியிருக்கக் கூடாது, எடை கூடவோ குறையவோ கூடாது. கையால் நிரப்பிச் சுத்தியலால் அடித்து அது நடக்காது. முதலாளி மெசின் வாங்க முடிவெடுத்தார். ஆலோசனை சொல்ல அரசாங்கச் சிறுகைத்தொழில் கந்தோரிலிருந்து மதுசூதனன் என்ற உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் ஒரு சுருட்டிய கொப்பி.

அவர் முதல்நாளே நிரஞ்சலாவைத்தான் தேடி வந்தார். "நிரப்பிறது நீங்கள்தானே பிள்ளை. உங்களுக்குத்தான் தெரியும். கூழ் எவ்வளவு தடிப்பு? விதை இருக்கோ? நுரைக்குமோ?"

"வெத கொஞ்சம் வரும் சேர். தோலும் வரும். சூட்டுல ஊத்தினா பொங்கும். பாதி வாளி வந்ததும் தெறிக்கும்."

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு வாளியை உருட்டிப் பார்த்து, மூடியின் விளிம்பை நகத்தால் தடவி, "இதுக்கு முந்தி ஆருக்கும் காயம் ஏதும் பட்டதோ?" என்று கேட்டார்.

நிரஞ்சலா வாளியைத் திருப்பி நிமிர்த்தி வைத்தாள். முதலாளி பக்கத்திலிருந்தார். "ஒரு தடவதான். பாவம், அந்தப் புள்ளயோட கவனக்குறைவு" என்றார்.

களஞ்சிய அறையில் ஒரு மூடி எழும்பியது. அதற்கு எதிரே இன்னொன்று. மதுசூதனன் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். நிரஞ்சலா எட்டுவரை எண்ணினாள். ஒன்பதாவதாக அந்த உள்ளங்கைத் தட்டு கேட்டதா இல்லையா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வத்தளையில் மெசின் விற்கிற ஓர் இடத்தில் இரண்டு வகை இருந்தன. மூவரும் வேனில் போனார்கள். மதுசூதனன் பிடிவாதமாக ஆறு வாளிக் கூழையும் வெறும் வாளிகளையும் மூடிகளையும் ஏற்றச் செய்திருந்தார். "எல்லாரும் தண்ணியை நிரப்பித்தான் காட்டுவினம். தண்ணிக்கு எந்த மெசினும் நல்ல மெசின்தான். நாங்கள் எங்கட கூழை, எங்கட வாளியைக் கொண்டு போவம்" என்றார்.

முதல் மெசின் எளிமையானது. மேலே தொட்டி, கீழே ஒரு குழாய், பக்கத்தில் கைப்பிடி. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். மூடி அழுத்த ஓர் இரும்புத் தட்டு, காலால் மிதித்தால் காற்றழுத்தத்தில் இறங்கும். விலை மற்றதில் பாதிதான். உடனே எடுத்துப் போகலாம். விற்பனையாள் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முதலாளியின் முகம் மலர்ந்தது.

"இப்ப கூழை ஊத்துங்கோ" என்றார் மதுசூதனன்.

கூழைச் சூடாக்கித் தொட்டியில் ஊற்றினார்கள். கைப்பிடியை நிரஞ்சலா பிடிக்கட்டும், அவள்தானே பழகியவள் என்றார் முதலாளி. விற்பனையாள் வாளியை வைத்துவிட்டு அதை இழுத்தெடுக்கக் குனிந்து நின்றான்.

அவள் கைப்பிடியை இழுத்தாள். மஞ்சள் கூழ் வழிந்து இறங்கியது. ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாசனையை அவள் தினமும்தான் முகர்கிறாள். ஆனால் கைப்பிடி உள்ளங்கையில் இருந்து, முன்னால் ஒரு முதுகு குனிந்திருந்து, நாலு வருசமாகிவிட்டது. சுப்பவைசர் ஆன பிறகு அவள் ஒருநாளும் வால்வைத் தொட்டதில்லை.

வாளி நிரம்பியது. அவள் கைப்பிடியைத் தள்ளினாள். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ கடிபட்டிருந்தது, ஒரு தோல் அல்லது ஒரு விதை. கூழ் நிற்கவில்லை. குனிந்திருந்த முதுகில் சட்டைக்குப் பதில் நீலப்பூப் போட்ட கவுனைக் கண்டாள். பின்னலை மேலே தூக்கிச் செருகிய கழுத்தைக் கண்டாள். அந்தக் கழுத்து மெதுவாகத் திரும்பி அவளைப் பார்க்கப்போகிறது என்று தெரிந்தது.

அன்று விட்டுவிட்டு ஓடிய கை இன்று விடவில்லை. எலும்பு வெளுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி நிரம்பி வழிந்தது. விற்பனையாள் "ஐயோ" என்று பின்னால் துள்ளினான். கூழ் தரையில் பரவி அவள் செருப்பைச் சுற்றி வந்தது. மதுசூதனன் ஓடிவந்து தொட்டியின் அடைப்பைத் திருகினார். பிறகு அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"பயப்பிடாதையுங்கோ. இருங்கோ, தண்ணி குடியுங்கோ."

இரண்டாவது மெசினில் வாளி ஒரு தராசின்மேல் நின்றது. குழாய் வாளியின் அடிவரை இறங்கி, கூழ் ஏற ஏற மேலே வந்தது. அதனால் தெறிப்பு இல்லை. இருபது கிலோ வந்ததும் தானாக மூடிக்கொண்டது. மதுசூதனன் வேண்டுமென்றே பாதியில் வாளியை ஒரு கம்பால் தள்ளிப் பார்த்தார். பட்டென்று நின்றது. காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் மூடிக்கொண்டது. மூடி அழுத்துமிடத்தில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருந்தன. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தட்டு இறங்கும். "கையை உள்ளுக்குள்ள வைக்க ஏலாது, பாத்தியளோ" என்றார்.

நிரஞ்சலா ஒரு முக்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருந்ததா, அன்றைக்கும் இருந்ததா என்று நினைத்தாள்.

பதுளைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் முதலாளி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு மெசின்களின் படங்களும் இருந்தன. "நான் மொதலாவதையே எடுக்கலாம்னு பாக்குறேன். ரெண்டும் வாளிய நெரப்புது, ரெண்டும் மூடுது. வால்வுல ஒரு வலை போட்டா தோல் மாட்டாது. பன்னெண்டு வருசத்துல எங்களுக்கு நடந்தது ஒரே ஒரு விபத்து. அதுவும் மெசினாலயா? அந்தப் புள்ளயோட பிழையால."

மதுசூதனன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிரஞ்சலா பேசிவிட்டாள்.

"அவ பிழை இல்லீங்க."

முதலாளி படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"வால்வு மூடல. தோல் கடிச்சிருந்துச்சு. நான் தள்ளிப் பாத்தேன், முடியல. என் கையில தெறிச்சுச்சு. விட்டுட்டு ஓடிட்டேன். அவ குனிஞ்சு இருந்தா. அவள ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடக்கூட இல்ல நான்." மூச்சு வாங்கியது. "மூணு நாளைக்கு முன்னமே வால்வு இறுகுதுன்னு உங்ககிட்ட சொன்னேன். சீசன் முடியட்டும்னு சொன்னீங்க. இல்லைன்னு சொல்லுங்க, முதலாளி."

மதுசூதனன் கொப்பியை மூடினார். வெளியே பழம் கழுவும் தொட்டியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார். அவர் மோசமான மனிதர் அல்ல. பாக்கியலெட்சுமியின் சாவுக்குச் செலவெல்லாம் அவர்தான் பார்த்தார். பேசியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"மெசின் நீங்க சொன்னதே வரட்டும். மத்தது இந்த அறைக்குள்ள இருக்கட்டும், நிரஞ்சலா. இனிப் பேசி என்ன? அந்தப் புள்ள திரும்பி வரப்போறாளா?"

நிரஞ்சலா தலையாட்டினாள். படியிறங்கும்போதுதான் உறைத்தது. நாலு வருசத்துக்கு முன்பும் இதே அறையில், இதே மேசைக்கு முன்னால் இப்படித்தான் தலையாட்டினாள்.

புது மெசின் ஐப்பசி மழையில் வந்து இறங்கியது. மதுசூதனன் கூடவே நின்று பொருத்தினார். தராசைச் சரிபார்த்தார், மூடி அழுத்தும் தட்டின் உயரத்தை மயிரிழை அளவு ஏற்றி இறக்கினார். முதல் நூறு வாளிகளையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். ஒன்றுகூடக் கசியவில்லை.

மழை விட்டு வெயில் வந்த அன்று காலை பத்து மணிக்கு நிரஞ்சலா களஞ்சிய அறை வாசலில் போய் நின்றாள். கூரை சூடேறியது. தகரம் விரிந்து நெறுநெறுத்தது. வாளிகள் வரிசை வரிசையாக, வாய் இறுகி நின்றன. ஒரு சத்தமும் இல்லை. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. எல்லா மூடிகளும் சுற்றிவரச் சமமாக உட்கார்ந்திருந்தன.

இதைத்தானே நாலு வருசமாக வேண்டிக்கொண்டாள். ஆனால் அன்று அவள் நெஞ்சில் ஏறிய பயம் அதற்கு முன் ஏறியதில்லை. சத்தம் இருந்தவரை பாக்கியலெட்சுமி அங்கே எங்கோ இருந்தாள். கோபத்தோடோ கேள்வியோடோ இருந்தாள். இப்போது அவள் வாயையும் சேர்த்து அழுத்தி மூடியாகிவிட்டது. அதற்கு மெசின் தெரிந்தெடுத்தவள் நிரஞ்சலாவே.

அடுத்தடுத்த நாட்களில் அவள் சோற்றைப் பிசைந்தபடி இருந்துவிட்டு எழுந்தாள். பெண்கள் கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்பினாள். ஒருநாள் மதுசூதனன் தராசைப் பார்க்க வந்தபோது களஞ்சிய அறைக்குள் அடிக்கிற ஓசை கேட்டு எட்டிப் பார்த்தார். நிரஞ்சலா பழைய ரப்பர் சுத்தியலோடு முழங்காலிட்டு, இறுக மூடியிருந்த வாளி ஒன்றின்மேல் அடித்துக்கொண்டிருந்தாள். மேலே, கீழே, இடது, வலது. எட்டு அடித்ததும் காதை மூடியோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தாள். பிறகு அடுத்த வாளிக்கு நகர்ந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறியள்?"

"பதில் வருதான்னு பாக்குறேன் சேர்."

அவர் அருகே வந்து தரையில் குந்தினார். சுத்தியலை வாங்கிக் கொள்ளவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று மட்டும் கேட்டார்.

"புருசன் இருக்காரு. மாரிசாமி. மேக்கணக்கு லயத்துல."

"அப்ப இந்த வாளியிட்ட ஏன் கேக்கிறியள்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குக்கு ஏறினாள். மாரிசாமிக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால், தண்ணீர் கொட்டும் பீலியடியில் மருந்து டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தது. அவளைக் கண்டதும், "வாங்க, உள்ள வாங்க" என்றார். அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள். முதலாளி அறையில் சொன்னதைவிடக் கூடுதலாக, கையெழுத்தைப் பற்றியும், சுப்பவைசர் வேலையைப் பற்றியும் சொன்னாள்.

அடிப்பார், ஏசுவார், அழுவார் என்று நினைத்து வந்திருந்தாள். மாரிசாமி டாங்கியின் வாயிலிருந்து தண்ணீர் முழுக்க ஒழுகிமுடியும் வரை அதைப் பிடித்தபடியே இருந்தார்.

"அவ பிழை இல்லையா?" என்றார்.

"இல்லீங்க."

"கவனக்குறைவுன்னு சொன்னாங்க. கந்தோர்லயும் சொன்னாங்க, வார்ட்டுலயும் சொன்னாங்க."

"பொய்யிங்க."

"நான் அவள ஏசினேன்." அவர் டாங்கியைக் கீழே வைத்தார். "ஒம்பது நாளும் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஏசினேன். கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கக் கூடாதா, எங்க புத்திய வச்சேன்னு. அவளால பேச முடியல. தொண்ட வெந்துபோச்சு. தலைய இப்பிடி இப்பிடி ஆட்டுவா. வலியில ஆட்டுறான்னு நெனச்சேன்."

அவர் தன் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். ஆட்டத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. நிரஞ்சலா பீலியடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தலை ஆடிக்கொண்டே இருந்தது, இல்லை இல்லை என்று.

புதன்கிழமை இருவரும் பதுளைத் தொழில் கந்தோருக்குப் போனார்கள். மதுசூதனன் முன்பே பேசி வைத்திருந்தார். நளீரா என்ற தமிழ் பேசும் எழுதுவினைஞர் விபத்து பற்றிய பழைய கோவையைத் தேடி எடுத்தார். அழிக்கவோ வெட்டவோ முடியாது, புதிய வாக்குமூலம் ஒன்றை அதோடு சேர்க்கலாம் என்றார். நிரஞ்சலா சொன்னாள், நளீரா எழுதினார். முதலாளிக்கும் விசாரணைக் கடிதம் போகும் என்றும், வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது என்றும் நளீரா எச்சரித்தார். "பரவால்லீங்க" என்றாள் நிரஞ்சலா. அப்படியே ஆனது. பின்னால் நடந்த விசாரணையில் முதலாளி எதையும் மறுக்கவில்லை. ஆனால் சுப்பவைசர் வேலைக்கு வேறொருத்தி வந்தாள். நிரஞ்சலா பழம் கழுவும் தொட்டிக்குப் போனாள்.

அன்று கந்தோரில் எல்லாம் முடிந்ததும் நளீரா மாரிசாமியைப் பார்த்து, "நீங்க ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"எழுதினத வாசிங்க நோனா. தமிழ்ல."

நளீரா வாசித்தார். வால்வு பழுதாயிருந்தது, அது முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது, கைப்பிடியில் நின்றவர் எச்சரிக்காமல் விலகினார். "இறந்த பாக்கியலெட்சுமியின் பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை."

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா."

நளீரா மறுபடி வாசித்தார். மூன்றாம் முறையும் கேட்டபோது எழுத்தைப் பார்க்காமலே சொன்னார்.

பஸ் நிலையத்துக்கு இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். பசறை பஸ் நின்றிருந்தது. மாரிசாமி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாரிடமோ அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஆசனத்தில் யாரும் இல்லாதபோதும் அந்தப் பக்கம் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. கண்டக்டர் கூப்பிட்டான். நிரஞ்சலா அந்தப் பக்கத்து ஆசனத்தைப் பார்த்தாள், ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவள் அங்கேயே நின்றாள்.